ஆறாவது சஷ்டி

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, செப்டெம்பர் மாதம் இரண்டாந் திகதி, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு அம்மாவின் நோய் தொடங்கியது. நேரத்தை இத்தனை திட்டமாக நான் சொல்லக் காரணம் உண்டு. அன்று மாலை பட்டினத்து ஆசுபத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து அந்த ஒரு கேள்வியையே கேட்டார்கள். மூவருக்கும் ஒரே விடையைச் சொன்னேன். அதன்பின் அந்த விடை மறக்கவில்லை.

அம்மா அடுக்களையில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். நான் உள்ளறையில் ஒரு செய்யுளுக்குப் பதவுரை எழுதிக்கொண்டிருந்தேன். சட்டி விழுந்த ஓசை கேட்டதும் முதலில் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். பிறகே எழுந்து ஓடினேன். அம்மா நிலத்தில் அமர்ந்து முழங்கால்களை மார்போடு கட்டிப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சுக்குக் கீழை தொடங்கி முதுகாலை ஊடுருவிக்கொண்டு போகுது பிள்ளை," என்றார். அதற்குமேல் பேச முடியாமல் வாந்தி எடுத்தார்.

அடுத்த வளவிலிருந்து மாமி ஓடிவந்து பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். மாமி என்றது என் தந்தையின், நாங்கள் ஐயா என்று அழைப்பவரின், தமக்கையை. கொடுத்த பெருங்காயமும் வெளியே வந்தது. ஐயா மலைநாட்டுப் புகையிரத நிலையம் ஒன்றில் வேலையாயிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். அண்ணை மலாயாவில். முடிவெடுக்க வேண்டியவள் நானாகவே இருந்தேன். மருதனார்மடச் சந்தியிலிருந்து ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டு அம்மாவை அதில் கிடத்தினோம்.

"வயித்தைத் திறந்து பாத்தால்தான் உறுதியாய்ச் சொல்லலாம்," என்றார் டொக்டர். "இந்த நிலையிலை திறந்தால் அவ தாங்கமாட்டா. பொறுத்துப் பாப்பம்."

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் ஒரு சுரப்பியில் அழற்சி கண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. கணையம் என்று அதன் பெயரைத் தமிழில் சொன்னார். நான் அதுவரை படித்த நூல்களில் கணையம் என்பது கோட்டைக் கதவின் குறுக்குமரம். மனித உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று கிடப்பதை அன்றுதான் அறிந்தேன். பத்தொன்பது நாள் அம்மாவின் கட்டிலருகே ஒரு முக்காலியில் இருந்தேன். இருபதாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வீட்டுக்கு வந்த உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. மாமி அதைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும் பக்குவம் ஒன்றே மாமிக்குத் தெரிந்த பக்குவம். நல்லெண்ணெய் மிதக்கும் உழுத்தங்களி, மருந்துச் சரக்கு அரைத்துக் காய்ச்சிய தண்ணீர், முட்டை, பனங்கட்டி போட்ட பால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலியில் ஆள் நுழையும் பொட்டு வழியாக வந்துகொண்டே இருந்தன.

"தின் மச்சாள். ஆசுபத்திரிக் கஞ்சி உடம்பைக் கரைச்சுப் போட்டுது. உன்னைப் பாத்தால் வயலிலை நிக்கிற வெருளி மாதிரி இருக்கு."

அம்மா உண்டார். தை மாதமளவில் உடம்பு தேறியது. ஆனால் தேறிய விதம் விசித்திரமாக இருந்தது. கைகளும் கால்களும் மெலிந்தபடியே இருந்தன. கன்னம் ஒட்டியபடியே இருந்தது. வயிறு மாத்திரம் உருண்டு திரண்டு முன்னுக்கு வந்தது. சேலைக் கொய்யகத்தை எவ்வளவு தாழ்த்திக் கட்டினாலும் மறையவில்லை.

எங்கள் கிணறு நாலு வீட்டுக்குப் பொது. வைகாசி மாதம் ஒருநாள் அங்கே வைத்து ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்.

"எத்தினையாம் மாசம் அக்கா?"

"எது?" என்றார் அம்மா.

"ஒளிக்காதேங்கோ. சித்திரைக்கு அவர் வந்து போனவரெல்லே?"

துலாக் கயிற்றைப் பிடித்திருந்த மற்றவள் திரும்பிப் பார்த்து, "சித்திரையோ? உந்த வயிறு தைப்பொங்கலின்ரை வயிறெல்லே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் அடுத்த நாளிலிருந்து விடியுமுன் ஒருவரும் வராத நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடுவார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்ததையும், நாளுக்குப் பத்துத் தடவை சிறுநீர் கழிக்க வளவின் கோடிக்குப் போய் வந்ததையும் மாமி அதே கணக்கில் சேர்த்துக்கொண்டார். நாற்பத்துமூன்று வயதில், கலியாண வயதில் மகள் இருக்க, இப்படி ஒரு பேச்சு வந்ததே என்ற கூச்சத்தில் அம்மா டொக்டரிடம் வர மறுத்தார். தமக்கே ஒரு மாதம் ஐயம் இருந்ததென்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆனி மாதத்தில் அம்மாவின் காலில் குத்திய முள்ளின் புண் இரண்டு கிழமையாகியும் ஆறவில்லை. அதன் பேரால் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் புண்ணைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், சிறுநீரை எடுத்துவரச் சொன்னார். அரை மணி நேரத்தில் சலரோகம், அதாவது நீரிழிவு, என்று முடிவு சொன்னார்.

"போன வருஷம் வெந்த சுரப்பி முழுக்க ஆறேல்லை. ஒரு பங்கு தழும்பாய்ப் போச்சு. மிச்சம் இருக்கிறது சுரக்கிற கொஞ்சம், வயித்திலை ஏறியிருக்கிற கொழுப்புக்கே காணாது. அதுதான் சீனி ரத்தத்திலை நிண்டு மூத்திரத்திலை போகுது," என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி இரண்டு கட்டளை இட்டார். "வயிறு குறைய வேணும். ஆனால் பட்டினி கிடக்கப்படாது."

அம்மாவின் காதில் முதலாவது மாத்திரமே விழுந்ததென்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஊசி போட ஒருவர் வீட்டில் பழகவேண்டும் என்றார்கள். மாமி ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். நான் பழகினேன். முதல் நாள் ஒரு தோடம்பழத்தில் குத்திப் பார்த்தேன்; இரண்டாம் நாள் அம்மாவில்.

அன்றிலிருந்து என் நாட்களெல்லாம் ஒன்றுபோலாயின. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து ஊசியைத் தண்ணீரில் இட்டுக் கொதிக்கவைப்பேன். நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் அளந்து, சிறுநீரில் எட்டுத் துளி விட்டு, சாராய விளக்கில் காய்ச்சுவேன். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் சிறிது சீனி, மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமானால் டொக்டருக்கு எழுதவேண்டும். இன்சுலின் குப்பிகளை ஐயா கொழும்பில் எடுப்பித்து மெயில் ரெயிலில் அனுப்புவார். அவற்றை ஈர மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து வைத்திருந்தேன். ஆறரைக்குப் பன்னிரண்டு அலகு ஏற்றுவேன். அரை மணி நேரத்துக்குள் அம்மா உண்ணவேண்டும். குரக்கன் பிட்டையும் கறியையும் தராசில் நிறுத்து, மூடி வைத்துவிட்டு ஏழு மணிப் பஸ்ஸைப் பிடிப்பேன். பட்டினத்தில் இலக்கண இலக்கிய வகுப்பு. மாலை மறுபடியும் ஊசி, மறுபடியும் தராசு. இரவில் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வகுப்பில் ஆசிரியர் ஒரு பாட்டின் நயத்தை விரித்துக்கொண்டிருக்க, காலையில் கண்ட பச்சை இலைப் பச்சையா, பாசிப் பச்சையா என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்கு என்மீது குறை ஒன்றும் இல்லை. "நீ என்னை மருந்துக் கடைச் சாமான் மாதிரி நிறுக்கிறாய்," என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

செப்டெம்பரில் ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய செய்தி வந்தது. கப்பல்கள் முன்போல் ஓடா என்று சந்தியில் பேசிக்கொண்டார்கள். அண்ணை மலாயாவுக்குப் போன ஆண்டிலிருந்து அம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்து வந்தார். ஆறு வருடம் தொடர்ந்து பிழையின்றிப் பிடித்தால் மகன் வந்து சேருவான் என்பது நேர்த்திக்கடன். ஐந்து வருடம் முடிந்திருந்தது. ஆசுபத்திரியால் வந்து ஒரு மாதமே ஆகியிருந்த ஐந்தாம் வருடத்தைக்கூடப் பாலோடு கழித்துவிட்டார். இது ஆறாவது. இடையில் முறிந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"இந்த வருஷம் வேண்டாம் அம்மா," என்றேன். "ஊசி போட்டுப்போட்டுச் சாப்பிடாமல் இருக்க ஏலாது. டொக்டர் சொன்னவர்."

"ஐஞ்சு வருஷத்தைக் கொண்டுபோய்க் கிணத்துக்கை போடச் சொல்லுறியே?"

"உயிருக்கு ஆபத்து."

"அவன் கடலுக்கு அங்காலை இருக்கிறான். சண்டை. அதுகும் உயிர்தானே?"

இரண்டு நாள் இப்படிக் கழிந்தது. மூன்றாம் நாள் ஓர் இணக்கத்துக்கு வந்தோம். தலை தோய்ந்து, மச்ச மாமிசம் நீக்கி, கோயிலுக்குப் போய் விரதம் அனுட்டிப்பது; ஆனால் நான் நிறுத்து வைக்கும் உணவை மூன்று நேரமும் உண்பது. அம்மா இவ்வளவு எளிதாக இணங்கியது எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். நான் களைத்திருந்தேன். இணங்கியதே போதுமென்று விட்டுவிட்டேன்.

விரதத்தின் முதல் நாள் மாலை குழாயில் நீலம். இரண்டாம் நாளும் நீலம். மூன்றாம், நாலாம் நாட்களிலும் அப்படியே. ஐந்து மாதத்தில் நாலு நாள் தொடர்ந்து நீலத்தை நான் கண்டதில்லை. என் தராசுக்குக் கிடைத்த வெற்றி என்று எண்ணினேன். டொக்டருக்குக் காட்டுவதற்காக அதைத் தாளில் வரிசையாக எழுதினேன். அம்மாவின் வயிறும் சற்றே வடிந்ததுபோல இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. "ரெண்டு வேலையும் ஒண்டாய் நடக்குது," என்றார். அந்த இரண்டு வேலை எவையென்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் வகுப்பு முன்னதாகவே முடிந்தது. பஸ்ஸால் இறங்கி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமென்று நேரே கோயிலுக்கு நடந்தேன். உச்சிக்காலப் பூசைக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. மண்டபத்தின் ஒரு தூணடியில் பெண்கள் வட்டமாகக் கூடியிருந்தார்கள். நடுவில் எங்கள் அம்மா.

தலை கலைந்து, உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்திலும் கழுத்திலும் வியர்வை வழிந்தது. யாரோ அள்ளி அப்பிய திருநீறு அந்த வியர்வையில் குழைந்து சேறுபோல் ஆகியிருந்தது. வாய் குழறிக்கொண்டிருந்தது.

மாமி என்னைக் கண்டதும் கையால் மறித்தார். "கிட்ட வராதை பிள்ளை! அம்மாவிலை கலை வந்திருக்கு. முருகன் ஏறியிருக்கிறான்."

எங்கள் ஊரில் தெய்வம் ஒருவர்மேல் வந்து ஆடுவதைக் கலை வருதல் என்பார்கள். அவர் வாயிலிருந்து வருவது தெய்வவாக்கு. ஒருத்தி தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டு கேட்டாள்.

"அப்பனே முருகா, என்ரை பசு கட்டறுத்துக்கொண்டு போய் மூண்டு நாள். தெற்காலையோ, வடக்காலையோ?"

அம்மாவின் தலை ஒரு பக்கம் சரிந்தது.

"வடக்காலை எண்டு காட்டுறார்! ஓடு, ஓடு, போய்த் தேடு!" என்று கத்தினாள் பக்கத்தில் நின்றவள்.

"கொஞ்சம் பொறுடி, நான் கேக்கிறன்," என்று அவளைத் தள்ளிக்கொண்டு மாமி முன்னே வந்தார். "அப்பனே, என்ரை மருமோன் மலாயாவிலை நிக்கிறான். பெத்தவள் ஆறு வருஷமாய் உன்னைப் பிடிக்கிறாள். அவன் வருவானோ?"

"வருவான்," என்று அம்மாவின் வாய் முனகியது. "வருவான்... வருவான்... வரு..."

பெண்கள் அரோகரா என்று ஒலித்தார்கள். சிலர் அழுதார்கள். மாமியும் அழுதார்.

நான் மாமியின் கையைத் தட்டிவிட்டு உள்ளே புகுந்து அம்மாவின் கழுத்தைத் தொட்டேன். கிணற்றுக் கல்லைப்போல் குளிர்ந்திருந்தது. "அம்மா, என்னை ஆரெண்டு தெரியுதே?" என்று கேட்டேன். அவருடைய கண் என்னைக் கடந்து எங்கோ நின்றது. நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல், ஆள் தெரியாமை. டொக்டர் சொன்ன ஒழுங்கு மாறாமல் நாலும் இருந்தன. அடுத்தது வலிப்பு. அதற்கடுத்ததை அவர் சொல்லாமல் விட்டிருந்தார்.

"இனிப்பு வேணும்," என்றேன். ஒருவரும் அசையவில்லை. நான் என் வாழ்நாளில் சபையில் குரல் உயர்த்தியதில்லை. அன்று கத்தினேன். "சீனி, சர்க்கரை, ஏதாவது ஒண்டு! உடனை! அவ சாகப் போறா!"

"விரதக்காறியின்ரை வாயிலை இனிப்போ?" என்றாள் ஒருத்தி. "சாமி நிக்கிற உடம்பிலை? உனக்கென்ன விசரே?"

"படிக்கப் போனால் உப்பிடித்தான்," என்றாள் இன்னொருத்தி.

மண்டபத்தின் முன்பக்கத்தில் அபிஷேகப் பொருட்கள் தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தன. பால், தயிர், இளநீர், ஒரு கிண்ணத்தில் தேன். நான் எழுந்து போய் அந்தக் கிண்ணத்தை எடுத்தேன்.

மூலத்தானத்து வாசலில் நின்ற ஐயர் திடுக்கிட்டு, "பிள்ளை, உது சுவாமிக்கு வைச்சது. இன்னும் அபிஷேகம் ஆகேல்லை," என்றார்.

நான் கிண்ணத்தோடு திரும்பி வந்தேன். அம்மாவின் தலையை மடியில் வைத்து, விரலில் தேனைத் தோய்த்துக் கன்னத்தின் உட்புறத்திலும் பல் முரசிலும் தேய்த்தேன். விழுங்கச் செய்ய முயன்றால் புரைக்கேறும். ஆகவே தேய்க்க மட்டும் செய்தேன். மறுபடியும், மறுபடியும். என்னைச் சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்களென்று எனக்குத் தெரியாது. கிண்ணம் பாதியாகும்போது அம்மாவின் தொண்டை ஒருமுறை அசைந்தது. பிறகு தாமாகவே என் விரலைச் சப்பினார். ஐயர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், அபிஷேகத்துக்கு வெட்டிய இளநீரைத் தாமே கொண்டுவந்து என் கையில் தந்தார். அதையும் மிடறு மிடறாகப் பருக்கினேன். அன்றைய அபிஷேகம் பாலோடும் தயிரோடும் முடிந்தது.

கால் மணி நேரத்தில் அம்மா எழுந்து இருந்து, சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்?"

"உனக்குத் தெரியாதே மச்சாள்? உன்னிலை கலை வந்தது! முருகன் உன்ரை வாயாலை சொன்னவர், அவன் வருவானெண்டு. மூண்டு தரம் சொன்னவர். நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள்."

அம்மா மூலத்தானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அழுதார். அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் முகத்தில் அண்ணை போன நாளுக்குப் பின் நான் கண்டதில்லை. தேன் கிண்ணத்தை ஒருவரும் குறிப்பிடவில்லை. மாமி கண்ணாலேயே எல்லோருக்கும் தடை போட்டிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். அம்மா அயர்ந்து உறங்கினார். கோடியில் வைத்து மாமி உண்மையைச் சொன்னார். நான் நிறுத்து வைத்துவிட்டுப் போன சாப்பாடு ஐந்து நாளும் மாட்டுக்குப் போயிருந்தது.

"மாடும் குரக்கன் பிட்டிலை நல்லாய்த் தேறியிட்டுது," என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஊசி மருந்துதானே, சாப்பாடில்லை, விரதத்துக்குக் குற்றமில்லை எண்டவ. வயிறும் குறையும், நேர்த்தியும் முடியும் எண்டவ. நாலு நாளும் பூசைக்குப் பிறகு பாலும் பழமும் குடுத்தனான். பின்னேரம் நீ நிறுத்துத் தாறதை ஒரு நேரச் சாப்பாடெண்டு வைச்சுக்கொண்டவ. கடைசி ரெண்டு நாளும் பச்சைத் தண்ணியும் படாமல் இருக்கப் போறன் எண்டு பிடிவாதம். இஞ்சை பார், தேன் குடுத்ததை அவவுக்குச் சொல்லாதை. அறியாமல் நடந்தது விரதத்தை முறிக்காது. நீ வாயைத் திறந்தால்தான் முறியும்."

மாலையில் குழாயைக் காய்ச்சினேன். பச்சை. ஐந்து மாதமாக நான் வெறுத்த அந்த நிறம் அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. சீனி இருக்கிறது, ஆகவே இன்றிரவு பயமில்லை. நாலு நீலத்தையும் எழுதிவைத்த தாளை எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவை வெற்றியல்ல, பட்டினி. ஒரு வகுப்பைத் தவறவிட்டு ஒரு காலை வீட்டில் நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அன்று மாலை ஊசி போடவில்லை. அம்மா விழித்தபின் உணவையும் மறுத்தார். முகம் தெளிவாக இருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் பிள்ளை. சூரன்போர் முடிஞ்சால் பாறணையோடை நீ சொல்லுறதெல்லாம் தின்னுறன். ஊசியைக் காலமை போட்டிடு. அதை ஒரு நாளும் விடாதை எண்டு டொக்குத்தர் சொன்னவர். முருகனே வாய் திறந்து சொல்லிப்போட்டார், இனி எனக்கு என்ன பயம்?"

தேன் வைத்ததைச் சொல்லாமல் விட்டால் அம்மா நாளைக்கும் வெறும் வயிற்றோடு இருப்பார். சொன்னால் ஆறு வருடமும் போய்விடும். ஊசியை நிறுத்தி விரதத்தைத் தொடர விடலாமா என்றும் யோசித்தேன். புண் ஆறாத காலையும், செங்கல் நிறத்தையும், டொக்டரின் எச்சரிக்கையையும் நினைத்தேன். அந்த யோசனைக்கு என்னிடம் அளவு இல்லை. ஊசி இருந்தால் சோறு இருக்கவேண்டும் என்பது ஒன்றே எனக்குத் தெரிந்த அளவு.

மறுநாள் காலை வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயைக் காய்ச்சினேன், மஞ்சள். ஊசியைக் கொதிக்கவைத்தேன். அதைப் போடுவதற்கு முன்பாகப் பிட்டை அவித்து, நிறுத்து, கறியோடு தட்டில் வைத்து, தோய்ந்து வந்து ஈரத் தலையோடு இருந்த அம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன இது?" என்றார். "இண்டைக்குச் சஷ்டி."

"அம்மா, நேற்றுக் கோயிலிலை உங்கடை வாயிலை நான் தேன் வைச்சனான். அரைக் கிண்ணம். பிறகு இளநீர். விரதம் நேற்றே முறிஞ்சிட்டுது."

அம்மா தட்டைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் மாமி மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்.

"நாக்கிலை இனிச்சது," என்றார். "எழும்பினவுடனையே தெரியும். நீ சொல்லாமல் விட்டிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டன்."

"தெரியும்."

"ஒரு நாள்தானே பிள்ளை கிடந்தது."

அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டார். "அவன் வருவானெண்டு நான் சொன்னது மெய்தானே? அதுகும் உன்ரை தேன் மாதிரி ஒண்டோ?"

"மெய்," என்றேன். "மூண்டு தரம் சொன்னீங்கள். நானும் கேட்டனான்."

அது மெய்யே. அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் இருந்தார். முதற்பிடியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு உண்டார். இதுவரை ஊசி முதலிலும் உணவு பின்னுமாக இருந்தது. அன்று மாற்றினேன். மூன்றாவது பிடி உள்ளே போவதைப் பார்த்த பின்பே அவரருகே முழங்காலிட்டு, நேற்றைய நடுக்கத்தை நினைத்து, பன்னிரண்டுக்குப் பதிலாக ஆறு அலகு ஏற்றினேன். பிறகு வகுப்புக்குப் போகாமல், அவருக்கு எதிரே நிலத்தில் அமர்ந்து, தட்டு வெறுமையாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.